ரொக்கட்டம்மாவின் மகள்

சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் கிருஷ்ணகுமாரி “அவிசாவளைப் பக்கம்” என்பாள். அவிசாவளையில் அவள் பிறக்கவுமில்லை, வளரவுமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு துணிக்கடையில் சேலை மடித்து அடுக்கினாள். அந்த ஊருக்கும் அவளுக்கும் அவ்வளவுதான் உறவு. பிறந்து வளர்ந்ததெல்லாம் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பராவில். இரத்தினபுரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து தோட்டம் என்ற சொல் தவறியும் வாயில் வராதபடி பார்த்துக்கொண்டாள்.

புருஷன் யோகராஜ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். நல்ல மனுஷன். பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்பது அவனுக்குத் தெரியும், அதை அவன் ஒரு பொருட்டாக நினைத்ததேயில்லை. மாமியாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மறைக்க இவள் படுகிற பாட்டைப் பார்த்தால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். தோட்டத்தைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி அவளுடைய அம்மாவின் பெயரில் இருந்தது.

அம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தங்கம்மா. புருஷன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட, ஒற்றைப் பிள்ளையோடு நின்றவள். விடியற்காலையில் மலையேறி றப்பர் மரத்தில் பால் வெட்டுவாள். பிற்பகலில் பால் ஸ்டோருக்குப் போய் பாலை உறையவைக்கிற வேலை. அதற்கு ஊற்றுகிற அசிட் ஒருநாள் கேன் சரிந்து முகத்தில் கொட்டியது. இடது கண் மூடிக்கொண்டது. கண்ணிலிருந்து கழுத்துவரை தோல் வெள்ளையாக வெந்து சுருங்கிப்போனது. அந்தப் புகை தொண்டையைப் பிடித்ததில் குரலும் கரகரத்துவிட்டது. மூன்றாம் மாதம் தங்கம்மா மறுபடியும் வாளியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். லயத்துச் சனம் அந்த முகத்துக்குப் பழகிப்போனது. நேருக்கு நேர் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெயர் வந்தது தொண்ணூற்றிரண்டில். அதன் பிறகு தங்கம்மா என்று கேட்டால் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரொக்கட்டம்மா என்றால் கைக்குழந்தையும் வழி காட்டும். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் வாசிக்கிற கங்காணியே ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கிருஷ்ணகுமாரி நடந்து போனால் “ரொக்கட்டம்மா மக போகுது” என்பார்கள். அவிசாவளைத் துணிக்கடைக்கு அவள் ஓடிப்போனதே அந்த மூன்று சொல்லிலிருந்து தப்பத்தான்.

இரண்டாயிரத்து எட்டில் அவளுடைய ஒரே மகள் ரேணுஷா பெரியவளானாள். யோகராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் மண்டபம் பிடித்து ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாயிற்று. கடைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பள்ளிக்கூடத்து ரீச்சர்கள் என்று ஊரே வரப்போகிறது. பெண்ணைப் பெற்றவளின் அம்மாவும் வந்து முதல் செம்புத் தண்ணீரில் கை வைக்கவேண்டும். அதுதான் முறை.

கிருஷ்ணகுமாரி தோட்டத்துக்குப் போன் எடுத்தாள். தங்கம்மாவிடம் போன் கிடையாது. தோட்டத்துச் சந்தியில் த்ரீவீலர் ஓட்டும் எட்வினிடம்தான் சொல்லி விடவேண்டும். “சடங்கு திங்கட்கெழம, எட்வின் அண்ணே. வீட்டோட சின்னதாத்தான் செய்றோம். அம்மாவை அன்னிக்கு வரச் சொல்லுங்க” என்றாள். அவன் “திங்கட்கெழமையா?” என்று கேட்டுவிட்டு, “சரி, சொல்லி விடுறேன்” என்று வைத்துவிட்டான்.

ஆமாம், பெற்ற தாய்க்கு நாளை மாற்றிச் சொன்னாள். கூட்டம் கலைந்த மறுநாள் அம்மா வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போகட்டும். மண்டபத்தில் யாராவது ஒரு தோட்டத்து வாய் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால்?  மாமியார் கேட்டபோது, “அம்மாவுக்குச் சுகமில்லை” என்று சொல்லி வைத்தாள்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சடங்கு வரைக்கும் ரேணுஷா தனியறையில் இருக்கவேண்டும். மூலையில் பாய், தனித் தட்டு, தலைமாட்டில் ஓர் இரும்புச் சாவி. பிள்ளைக்குப் பொழுது போகவில்லை, சிணுங்கிக்கொண்டே இருந்தாள். யோகராஜ் டீவியைத் தூக்கி அந்த அறையில் வைத்தான். பக்கத்து சீடிக் கடை புவாட் நானா ஒரு கட்டு சீடி கொடுத்துவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ரேணுஷா அதில் ஒன்றை எடுத்துப் போட்டாள். ஆங்கிலப் படம். கீழே சிங்கள எழுத்து ஓடியது. கறுப்பு வானத்தில் தட்டையான ஒரு கப்பல் மெதுவாக வந்தது. அட்டையில் செய்தது என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த கிருஷ்ணகுமாரியின் கை நின்றுவிட்டது. அந்த இசை வந்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. லயத்தில் அதை ஆகாசக் கப்பல் படம் என்பார்கள்.

அப்போதெல்லாம் லயத்தில் ஒரே டீவி எட்வின் வீட்டில்தான். குவைத்துக்கு வேலைக்குப் போன அவன் அக்கா அனுப்பிய காசில் வாங்கியது. கரண்டு கிடையாது. தெஹியோவிட்டவில் சார்ஜ் ஏற்றிய பெட்டரியைத் தோளில் சுமந்து வந்து மாட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆகாசக் கப்பல் படம் என்றால் எட்வினின் அம்மா லூர்தம்மா வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. ஆங்கிலம் ஒருத்தருக்கும் தெரியாது. சிங்களம் பேசத் தெரிந்தவர்களுக்கும் எழுத்து வாசிக்க வராது. எட்வின் மட்டும் தெஹியோவிட்ட பேக்கரியில் வேலை செய்ததால் வாசிப்பான். டீவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கீழே ஓடுகிற எழுத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுவான். வெறுமனே சொல்லமாட்டான். கப்பல் கப்டன் பேசும்போது பெரிய துரையின் குரல், டொக்டர் பேசும்போது தோட்டத்து டிஸ்பென்சரின் குரல். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். படத்தைப் பார்க்க வந்தவர்களைவிட எட்வினைக் கேட்க வந்தவர்கள்தான் அதிகம்.

ரேணுஷா போட்ட சீடியில் கப்பல் ஒரு செத்துப்போன கிரகத்தில் இறங்கியது. மண்ணுக்கடியில் ஒரு இயந்திரம். அதைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு பெண். அவளுடைய ஆட்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தாள். ஒரு கண் மூடியிருந்தது. பாதி முகம் வெந்து வெளுத்திருந்தது.

கிருஷ்ணகுமாரிக்கு இந்தக் காட்சி மறக்கவில்லை. இதே இடம்தான். அன்றைக்கு இதே இடத்தில் எட்வின் வீட்டில் பேச்சுமூச்சு நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த குமரிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகத் திரும்பி இவளைப் பார்த்தார்கள். சிரிப்பு அவர்கள் தொண்டைவரை வந்து நின்றது. இவளுக்கு வயது பதினாறு. அவர்கள் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் சிரிக்கிற கூட்டத்தோடு தானும் சேர்ந்துகொள்ளலாம் என்று அந்த வயதுக்குத் தோன்றியது. கையை நீட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்: “அய்யோ, எங்கம்மா மாதிரியே இருக்கு!”

வீடு அதிர்ந்தது. எட்வின் சும்மா இருப்பானா? அந்தப் பெண்ணின் வாய் அசைந்தபோது தங்கம்மாவின் கரகரத்த குரலில், “ரொக்கட்ட அங்கிட்டு நிப்பாட்டுங்கடா, பால் வாளி கவுந்துரப்போகுது!” என்றான். ரொக்கட்டம்மா என்ற பெயர் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான். கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கு வேண்டும் எழுத்து? கிருஷ்ணகுமாரிதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள். சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் கதவோரம் நின்ற ஒரு உருவம் வெளியே இறங்கிப் போவதைக் கண்டாள். அம்மா வந்திருந்ததே அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் தங்கம்மா எட்வின் வீட்டு வாசலுக்குப் போய், மண்ணை இரண்டு கையாலும் அள்ளித் தூற்றினாள். “எங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்ட நீ நல்லா இருப்பியா!” என்று அந்தக் கரகரத்த குரலில் கத்தினாள். லயமே வெளியே வந்து பார்த்தது. லூர்தம்மா அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி வைத்து அழுதாள். எட்வின் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கிருஷ்ணகுமாரி தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை வைத்துக்கொண்டு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் முதலில் கத்தியது யார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்காது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை வைத்துத்தான் இத்தனை வருஷமும் ஓட்டினாள்.

“அம்மா, ஒங்களாலயும் அந்த எழுத்த வாசிக்க முடியுதா?” என்றாள் ரேணுஷா.

வாசித்தாள். இரத்தினபுரிக்கு வந்த பிறகு கடைக் கணக்குக்காகச் சிங்களம் எழுத்துக்கூட்டப் படித்திருந்தாள். கப்பல்காரர்கள் அந்த முகத்தைக் கண்டு பின்வாங்கினார்கள். ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு ஏன் என்று விளங்கவில்லை. “ஏன் விலகுகிறீர்கள்? இங்கே கண்ணாடி கிடையாது. என்னைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்” என்று கேட்டாள்.  கப்டனும் டொக்டரும் நிலத்தைப் பார்த்தார்கள். கப்பலில் வயர்லெஸ் வேலை பார்க்கும் சின்னப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். வெந்துபோன அந்தக் கன்னத்தில் கையை வைத்தாள். ஏதோ சொன்னாள். கீழே எழுத்து வந்தது. ரேணுஷா அதை வாய்விட்டு வாசித்தாள்.

“அபே அம்மா வகே.”

எங்க அம்மா மாதிரி. அதே சொல். அன்றைக்கு இவள் கத்தியதும் அதுதான். அந்தப் பெண் அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் லயம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

ரேணுஷா மூக்கை உறிஞ்சினாள். “பாவம்மா அவங்க” என்றாள். கிருஷ்ணகுமாரி சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே போய் அழவில்லை. அழுதால் மனசு ஆறிவிடும், அதற்குக்கூட யோக்கியதை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. முகம் எரிந்தது. பானையைத் தேய்த்தாள், தேய்த்த பானையையே மறுபடியும் தேய்த்தாள்.

சனிக்கிழமை காலையில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று யோகராஜிடம் சொன்னாள். “சுகமில்லைன்னியே?” என்றான் அவன். “இப்ப பரவாயில்லையாம்.” பஸ் குருவிட்ட, எகலியகொட என்று ஊர் ஊராக நின்று போனது. அவிசாவளைக்கு முன்னால் இராணுவம் எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தது. அங்கிருந்து தெஹியோவிட்ட பஸ். தோட்டத்துச் சந்தியில் இறங்கியபோது மழை இருட்டிக்கொண்டு நின்றது. எட்வினின் த்ரீவீலர் மட்டும் மரத்தடியில் நின்றது. இப்போது அவனுக்கு முன்தலையில் வழுக்கை ஏறிவிட்டது. மூன்று பிள்ளைக்குத் தகப்பன். யாருடைய குரலிலும் பேசிக் காட்டுவதில்லை.

“ஏறு குமாரி, மழ வரப்போகுது” என்றான்.

வண்டி மேட்டில் ஏறியது. “ஸ்டெபானிய விட்டு அம்மாகிட்ட சொல்லிட்டேன்” என்றான். ஸ்டெபானி அவன் பெண்டாட்டி. “நான் போயி சொன்னா அவங்க கேக்க மாட்டாங்களே. திங்கட்கெழமன்னுதான் சொன்னோம். நீ சொன்னதத்தானே சொல்லணும்.” பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டான். “சடங்கு நாளைக்குத்தானே?”

“ஆமாண்ணே.”

“நெனச்சேன். திங்கட்கெழமையில யாரு சடங்கு வப்பா.”

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது இவளுக்குத் தேவலை. ஆகாசக் கப்பல் படத்தைத் திரும்பப் பார்த்ததைச் சொன்னாள். அந்த வயர்லெஸ் பெண் சொன்னதையும் சொன்னாள். “அன்னிக்கு அந்த எழுத்த வாசிச்சீங்களாண்ணே?”

“எங்க வாசிச்சேன்? சனம் சிரிக்குதுன்னு நானும் சேந்து ஆடிக்கிட்டிருந்தேன்.” வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தான். துடைக்கிற அளவுக்கு இன்னும் மழை விழவில்லை. “நீ சொன்னதேதான் அந்தப் புள்ளையும் சொல்லியிருக்கு.”

“நான் சொன்னது வேற.”

“ஆமா” என்றான் எட்வின். “வேறதான்.”

“மொதல்ல சொன்னது நான்னு ஏண்ணே நீங்க அம்மாகிட்ட சொல்லல?”

“மண்ண அள்ளித் தூத்திக்கிட்டு நிக்கிறவங்ககிட்டப் போயி, ஒங்க புள்ளதான்னு சொல்லச் சொல்றியா? அவங்களுக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா? நானும் கொரல் போட்டவன்தானே, எனக்கும் சேரவேண்டியதுதான்.” வண்டியை மறுபடியும் கிளப்பினான். “எங்கம்மா சாவுக்கு வருவாங்கன்னு பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே மலையில ஒண்ணா பால் வெட்டினவங்க. வரல. அது ஒண்ணுதான் கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.”

தோட்டத்தில் சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. சண்டைக்காரர்கூட அன்றைக்கு வந்து வாசலில் நிற்பார்கள். லூர்தம்மா செத்த செய்தி வந்தபோது கிருஷ்ணகுமாரி யோகராஜின் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தாள். அவளும் போகவில்லை.

“இன்னிக்கு அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேண்ணே” என்றாள். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தாள்.

“ஒன் இஷ்டம்” என்றான். லயத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தினான். அதற்கு மேல் அவன் வரமாட்டான்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த தங்கம்மா மகளைப் பார்த்ததும் வாரியலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “என்னாடி இது, சொல்லாமக் கொள்ளாம?” காம்பராவில் எண்ணெய் வாசம். பிஸ்கட் டின் நிறைய அதிரசம் சுட்டு அடுக்கியிருந்தாள். பேத்திக்கு வாங்கிய பாவாடைத் துணி பேப்பர் பிரிக்காமல் சாமித் தட்டில் இருந்தது. தனக்கென்று ஒரு நீலச் சேலையும் எடுத்து வைத்திருந்தாள். “திங்கட்கெழம வேலைக்கு வரமாட்டேன்னு கங்காணிகிட்ட சொல்லிட்டேன்” என்றாள் பெருமையாக.

“நாளைக்கே சடங்கும்மா. நாள மாத்திட்டோம். ஒன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

உண்மையைச் சொல்ல வந்தவள் வாசற்படியிலேயே இன்னொரு பொய்யைச் சொல்லியாயிற்று. தங்கம்மா அதை அப்படியே நம்பினாள். “அப்ப நல்லதாப் போச்சு, திங்கட்கெழம பேரு முறியாது, ஒருநாச் சம்பளம் மிச்சம்” என்று சந்தோஷப்பட்டாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கீழே த்ரீவீலரைத் திருப்பி நிறுத்துகிற சத்தம் கேட்டதும் முகம் மாறியது.

“அவன் வண்டியிலயா வந்த?”

“மழம்மா.”

தங்கம்மா ஒரே ஒரு கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றி மகள் கையில் கொடுத்தாள். இப்போது சொன்னால்தான் உண்டு. கிருஷ்ணகுமாரி கோப்பையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். “அம்மா, எட்வின் அண்ணன் மேல இன்னும் கோவத்த வச்சிக்கிட்டு இருக்கியே. அன்னிக்கு அந்தப் படத்துல மொதல்ல சத்தம் போட்டது அவரில்லம்மா.”

“தெரியுமே” என்றாள் தங்கம்மா. “நீதானே.”

கோப்பை ஆடித் தேத்தண்ணீர் சேலையில் சிந்தியது.

“கதவுகிட்டத்தான் நின்னேன். பெத்தவளுக்கு ஒன் கொரலு தெரியாதா?” தங்கம்மா முந்தானையால் மகளின் சேலையைத் துடைத்தாள். “அந்தப் பொம்பள வந்தவொடன எல்லாக் கழுதைகளும் ஒன்னயத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சுக. எனக்கு நெஞ்சே அடச்சுப்போச்சு. ஐயோ, எம்புள்ள அழுதுருவாளேன்னு நெனச்சேன். நீ அழல. ஆமாடி, எங்கம்மா மாதிரித்தான் இருக்குன்னு அத்தன பேரு வாயையும் அடக்குற மாதிரி சத்தமாச் சொன்ன. பதினாறு வயசுப் புள்ளைக்கு எம்புட்டுத் தைரியம்! அந்தப் பய அதப் பிடிச்சிக்கிட்டுக் கேலியாக்கிப்புட்டான். எம்மூஞ்சியச் சொன்னதுக்கா மண்ணத் தூத்துனேன்? எம்மூஞ்சிய முதுகுக்குப் பின்னால சொல்லாதவுக யாரு? எம்புள்ள எனக்காகச் சொன்ன ஒரு வார்த்த. அதக் கேலி பண்ணுனான் பாரு, அதுக்குத்தான் தூத்துனேன்.”

சொல்லி முடித்துவிட்டு தங்கம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் முகத்தின் ஒரு பக்கம்தான் அசையும். இத்தனை வருஷமும் அவள் அந்த ஒரு வார்த்தையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறாள். ரொக்கட்டம்மா என்று பிள்ளைகள் கூப்பிடும்போதெல்லாம் அதை நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லியிருக்கலாம். இல்லைம்மா, நானும் அந்தக் கழுதைகளில் ஒருத்திதான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதைப் பிடுங்கினால் அவளுக்கு மிஞ்சுவது என்ன என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நல்ல கேள்விதான். ஆனால் அம்மாவுக்காக மட்டும்தான் பேசாமல் இருந்தாள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். கிடைக்கவே கூடாத நல்ல பெயர் ஒன்று கையில் வந்து விழுந்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்தாள்.

இருவரும் பையையும் பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டு இறங்கும்போது மழை தூறத் தொடங்கியிருந்தது. எட்வின் வண்டியில் காத்திருந்தான். கிருஷ்ணகுமாரியின் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவனுக்கு அது போதும். “பையையாவது வையி குமாரி, சந்தியில கொண்டாந்து தர்றேன்” என்றான் மெதுவாக.

“நமக்குக் கை இருக்கு” என்று மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு தங்கம்மா வண்டியைத் தாண்டி நடந்தாள். கிருஷ்ணகுமாரியும் பின்னாலேயே நடந்தாள். சந்திவரைக்கும் இரண்டு பேரும் நனைந்தார்கள். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. தங்கம்மா நீலச் சேலையின் முந்தானையைக் கன்னத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தூணோரம் நின்றாள். முதல் செம்புத் தண்ணீரில் கையை வைத்தாள். ரேணுஷா மஞ்சள் தண்ணீர் வழிய வழிய அம்மாயியைப் பார்த்துச் சிரித்தாள். கிருஷ்ணகுமாரி கடைக்காரர்களின் பெண்டாட்டிகளுக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டியபடி, ஒரு கண்ணை வாசல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

பயந்தபடியே வந்தது. மாணிக்கக் குழியில் வேலை செய்கிற கன்னையா யோகராஜின் கடை வாடிக்கைக்காரன். அவனும் அதே தோட்டத்தில் பிறந்தவன்தான். அவன் கடைக்கு வந்தால் கிருஷ்ணகுமாரி உள்ளே போய்விடுவாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவன் தூணோரம் நின்றவளைக் கண்டு, உண்மையான சந்தோஷத்தில், மண்டபத்துக்கே கேட்கக் கூவினான்: “அட, நம்ம ரொக்கட்டம்மா!”

 சில பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “அது யாரு ரொக்கட்டம்மா?” என்று மாமியார் கேட்டார்.

சந்தனக் கிண்ணம் கிருஷ்ணகுமாரியின் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தாள். பிறகு நடந்தாள். அந்த வயர்லெஸ் பெண்ணைப் போலக் கன்னத்தில் கை வைக்கவெல்லாம் இல்லை, அவ்வளவு துணிச்சல் இவளுக்கு ஏது. பக்கத்தில் போய் நின்றாள். “எங்கம்மா” என்றாள். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை, எல்லாருக்கும் கேட்கும்படி, “இது எங்கம்மா, தெஹியோவிட்ட தோட்டத்துலருந்து வந்திருக்காங்க” என்றாள்.

மாமியார் எழுந்து வந்து தங்கம்மாவின் கையைப் பிடித்து முன் வரிசையில் உட்காரவைத்தார். கன்னையா பக்கத்தில் உட்கார்ந்து தோட்டத்துக் கதை பேச ஆரம்பித்தான். வானம் இடிந்து விழவில்லை. இதற்குத்தானா இத்தனை வருஷம் ஒளிந்தோம் என்று கிருஷ்ணகுமாரி நினைத்தாள். நினைத்தபோது இன்னும் அதிகமாக வெட்கம் வந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் தங்கம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தாள். முந்தானை எப்போதோ கன்னத்திலிருந்து நழுவியிருந்தது. அதை அவள் கவனிக்கவேயில்லை. “அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொன்ன, பாத்தியா?” என்றாள். அவளுக்கு இது மகள் சொன்ன இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்னது வேறு என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் தோட்டத்துச் சந்தியில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

“அந்த எட்வின் பய இங்க இருந்திருந்தா இதையும் கேலிதான் பண்ணியிருப்பான்” என்றாள் தங்கம்மா.

கிருஷ்ணகுமாரி ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அம்மாவின் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினாள்.